நாற்பத்தொரு தலைவர்களும் ஒரு உறுப்பினரும்

ஜனவரி 19, திங்கள்

பெருங்களத்தூரில் லோக்கல் கண்ணெதிரே போய்விட்டது. அடுத்த வண்டியைப் பிடித்து, காட்டாங்குளத்தூரில் இறங்கி, கல்லூரி வரை ஓடி, வகுப்புக்குள் நுழையும்போது இருபது நிமிடம் தாமதம். அந்த இருபது நிமிடத்தில் என்னைத் தவிர எல்லாருக்கும் ஒரு இடத்தை ஒதுக்கி முடித்துவிட்டார்கள்.

மூன்றாம் வருட பி.பி.ஏ.வுக்கு ‘நிறுவன அமைப்பும் மேற்பார்வை மேலாண்மையும்’ என்று ஒரு பாடம். நடத்துபவர் தோத்தாத்ரி சார், துறைத் தலைவர். மார்ச் 6ஆம் தேதி இதே தலைப்பில் துறை ஒரு கருத்தரங்கு நடத்துகிறதாம். அதற்குப் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்திருந்தார். தலைவர் ஷ்யாம்சுந்தர். செயலாளர் விஷ்ணுப்ரியா. பிறகு வரவேற்புக் குழுத் தலைவர், மேடைக் குழுத் தலைவர், தேநீர்க் குழுத் தலைவர், பிஸ்கட்டுக்குத் தனியாக ஒரு இணைத் தலைவர். வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். நாற்பத்தொரு பதவியும் முடிந்திருந்தது.

“உனக்கு மட்டும் எதுவும் மிச்சமில்லையே தமிழினி” என்றார் சார், நிஜமான வருத்தத்தோடு. “சரி, உறுப்பினர்னு போட்டுக்கலாம். குழுன்னா உறுப்பினர் இருக்கணும் இல்லையா?”

பிறகு பாடம். ஒரு மேற்பார்வையாளருக்குக் கீழே ஆறேழு பேருக்கு மேல் இருந்தால் நிர்வாகம் கெட்டுப்போகும் என்று பலகையில் எழுதினார். “சார், ஒருத்தருக்கு மேல எத்தனை பேர் இருக்கலாம்?” என்று கேட்டேன்.

“அது சிலபஸ்ல இல்லம்மா.”

ஜனவரி 21, புதன்

அமைப்பு வரைபடத்தை ஃபிளெக்ஸ் அடித்துத் துறை வாசலில் கட்டியாகிவிட்டது. கட்டியது நான். நாற்பத்தொரு கட்டம், நாற்பத்தொரு பெயர். அடியில் ஒரு கட்டத்தில் ‘உறுப்பினர்கள்’ என்று மட்டும் இருக்கிறது. பெயர் இல்லை. எல்லாக் கோடுகளும் அங்கேதான் வந்து விழுகின்றன.

“என் பேரைப் போடலையே” என்றேன் ஷ்யாமிடம். அஸ்தினாபுரத்துப் பையன், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டான்.

“மெம்பர்ஸ்க்கு பேர் போடற பிராக்டிஸ் இல்ல தமிழினி. பட், யூ ஆர் வெரி இம்பார்ட்டன்ட்.”

ஜனவரி 29, வியாழன்

இன்று எனக்கு வந்த உத்தரவுகள்: அழைப்பிதழைத் திருத்து (விஷ்ணுப்ரியா). திருத்தாதே (ஷ்யாம்). பேச வருகிறவரைத் தொலைபேசியில் கூப்பிடு (வரவேற்பு). நான் சொல்லாமல் யாரையும் கூப்பிடாதே (இணை வரவேற்பு). நாற்காலி எண்ணு. எண்ணியதைத் திரும்ப எண்ணு.

வாட்ஸப்பில் ஒன்பது குழுக்கள். ஒன்பதிலும் இருப்பது நான் ஒருத்திதான். ஒன்பதிலும் அட்மின் இல்லாததும் நான் ஒருத்திதான்.

பிப்ரவரி 4, புதன்

அப்பாவுக்கு இரும்புலியூரில் சிமென்ட், கம்பிக் கடை. பெயர் ஜெயவேலு என்று பலகையில் பெரிதாக இருக்கும். கருத்தரங்கு கதையைச் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே சிரித்தார்.

“இன்னாது, நாப்பத்தோரு பேரும் தலீவரா? காலேஜா கட்சியா அது? வேலை செய்யறது யாரு?”

“நான்தான்.”

சிரிப்பு நின்றுவிட்டது. “அப்பறம் நீ இன்னாத்துக்கு ஃபீஸ் கட்டிகினு போறே? அத்தே நம்ம கடையில வந்து செய்யேன்.”

அம்மா கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு. வண்டலூர் பக்கம் ஒரு கிடங்கில் எனக்குப் பயிற்சி மேற்பார்வையாளர் வேலை கிடைத்திருக்கிறது. ஜூனில் சேர வேண்டும். இந்த செமஸ்டரை முழுசாக எழுதி முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. “அட்டென்டன்ஸ் எவ்ளோ கீது?” என்றாள். எண்பத்தொன்று என்றேன். எழுபத்தைந்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வேலையும் போய்விடும்.

பிப்ரவரி 13, வெள்ளி

எழுபத்தாறு!

நான் வகுப்பில் இருந்தால்தானே. கல்லூரி வேலையாக வெளியே இருந்தால் ஓ.டி. கொடுப்பார்கள், வகுப்பில் இருந்ததாகவே கணக்கு. படிவத்தை வாங்கி நிரப்பினேன். கடைசி வரியில் ‘உடனடி மேற்பார்வையாளர் கையெழுத்து’.

யார் என் உடனடி மேற்பார்வையாளர்? ஷ்யாம் விஷ்ணுப்ரியாவைக் காட்டினான். அவள் மேடைக் குழுவைக் காட்டினாள். மேடைக் குழு தேநீர்க் குழுவைக் காட்டியது. வேலை சொல்லும்போது ஆளுக்கு முந்திக்கொண்டு வந்தவர்கள்! கடைசியில் தோத்தாத்ரி சாரிடமே போனேன்.

“ஒரு ஊழியருக்கு ஒரே ஒரு மேலதிகாரிதான் இருக்கணும். ரெண்டாவது அலகுல நடத்தினேனே? அது யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிட்டு வாங்க.”

பிப்ரவரி 17, செவ்வாய்

என் மேலதிகாரி யார் என்று முடிவு செய்ய ஐந்து பேர் கொண்ட துணைக்குழு அமைத்திருக்கிறார்கள். ஐந்து பேரும் தலைவர்கள். கூட்டக் குறிப்பு எழுத ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். எழுதினேன். ‘விரிவாக விவாதிக்கப்பட்டது.’

அந்த நேரத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 24, செவ்வாய்

எழுபத்திரண்டு.

மார்ச் 6, வெள்ளி

கருத்தரங்கு.

தலைவர்கள் எல்லாரும் கோட்டும் பட்டுப்புடவையுமாக, மார்பில் பேட்ஜ் குத்திக்கொண்டு நின்றார்கள். வாசலில் எட்டுப் பேர், மேடை ஓரத்தில் பத்துப் பேர், பிஸ்கட் பக்கம் மீதிப் பேர். அழைப்பிதழ் போன மற்ற கல்லூரிகளிலிருந்து யாரும் வரவில்லை. இரண்டு தடவை திருத்தியதில் தேதியை மட்டும் யாரும் போடச் சொல்லவில்லை, நானும் போடவில்லை. அது என் தப்புதான். எல்லாரும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டதும் உண்மைதான்.

பேச வந்தவர் மைக்கைப் பிடித்தார். அரங்கத்தில் இருநூறு காலி நாற்காலி. நான் எண்ணியவை, இரண்டு தடவை. தோத்தாத்ரி சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஏய், யாராவது போய் உக்காருங்களேன்!” என்று பல்லைக் கடித்தார். பேட்ஜ் போட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

முதல் வரிசையில், நடுவில், தனியாக உட்கார்ந்தேன். ஒன்றே கால் மணி நேரம். பொறுப்புகளைப் பகிர்ந்தளிப்பது எப்படி என்று அந்த மனிதர் என் கண்ணைப் பார்த்தே பேசி முடித்தார். “ஏதாவது கேள்விகள்?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். பாவம், நன்றாகத்தான் பேசினார்.

கடைசியில் குழுப் படம். கேமராவை என் கையில் கொடுத்தார்கள்.

மார்ச் 9, திங்கள்

பரீட்சை எழுத முடியாதவர்கள் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் ஒரே பெயர்.

அலுவலகத்தில் ஹில்டா மேடம் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கருத்தரங்கு வேலைக்காக நாற்பத்தொரு பேருக்கும் மொத்தமாக ஓ.டி. ஏறியிருக்கிறது. பதவிகளை அறிவித்த சர்க்குலரில் பெயர் இருப்பவர்களுக்கெல்லாம்.

“என் பேரு மேடம்?”

“உறுப்பினர்கள்னு இருக்கும்மா. அந்தப் பேர்ல இங்க யாரும் படிக்கலையே.”

கேன்டீனில் உட்கார்ந்து பஜ்ஜி தின்னவனுக்கு ஓ.டி.! மண்டை காய வெயில்ல ஃபிளெக்ஸ் கட்டினவளுக்கு இல்ல! என்ன நியாயம் இது? நான் யார்கிட்ட போய்ச் சொல்றது — எனக்கு மேலதான் இவ்ளோ பேர் இருக்காங்களே? ரயிலில் அழுதுகொண்டே வந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கடைச் சாவியை எடுத்து நீட்டுவார்.

மார்ச் 11, புதன்

தர மதிப்பீட்டுக் குழு வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு வருகிறது. கருத்தரங்கு அறிக்கை வேண்டும். படங்கள், கூட்டக் குறிப்புகள், கடிதங்கள் எல்லாம். எங்கே இருக்கின்றன என்று ஒன்பது குழுக்களிலும் கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை. எல்லாம் என் லேப்டாப்பில் இருக்கிறது.

ஷ்யாம் போன் செய்தான். “தமிழினி, கொஞ்சம் அர்ஜென்ட்.”

“முறையா வா ஷ்யாம். முதல்ல என் உடனடி மேற்பார்வையாளர் எனக்கு எழுதிக் கேக்கணும். அது யாருன்னு கண்டுபிடிச்சுட்டீங்களா?”

போனை வைத்தேன். சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

மார்ச் 12, வியாழன்

தோத்தாத்ரி சார் அறைக்குக் கூப்பிட்டார். ஷ்யாமும் நின்றுகொண்டிருந்தான்.

“ஃபைல் உன்கிட்டதான் இருக்காமே?”

“பேரே இல்லாதவ செஞ்ச வேலை ஃபைல்ல எப்படி சார் இருக்கும்?”

சார் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மணியை அடித்து ஹில்டா மேடத்தைக் கூப்பிட்டார். அரை மணி நேரத்தில் புது சர்க்குலர், ஜனவரி 19 என்று தேதியிட்டு. ‘தலைமை ஒருங்கிணைப்பாளர்: ஜெ. தமிழினி’. ஷ்யாமுக்கு மேலே.

“முன்னாடியே சொல்லியிருந்தா முன்னாடியே போட்டிருக்கலாம்” என்றார் சார்.

ஓ.டி. ஏறிவிட்டது. எழுபத்தெட்டு. ஃபைலைக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 25, புதன்

மதிப்பீட்டுக் குழு எங்கள் துறையின் அமைப்பு முறையைப் பாராட்டியதாம். ஏப்ரலில் ஆண்டு விழா. அதற்கும் தலைமை ஒருங்கிணைப்பாளர் நான்தான். முதல் வருடத்திலிருந்து கொஞ்சம் பேரை வேலைக்கு அனுப்புவதாகச் சார் சொன்னார். எனக்குத் தனி மேசை போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 9, வியாழன்

ஹால் டிக்கெட் கையில் வந்துவிட்டது. அம்மா வாங்கிப் பூஜை அறையில் வைத்தாள். அப்பா இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார். திங்கட்கிழமை முதல் பரீட்சை.

மத்தியானம் கல்லூரியில் என் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முதல் வருடப் பெண் ஒருத்தி வந்து நின்றாள், அபிகாயில் என்று பெயர். காலையிலிருந்து விழாப் பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவள், துப்பட்டாவெல்லாம் தூசி. கையில் ஓ.டி. படிவம்.

“அக்கா, ஒரு சைன்.”

சாம்பார் கையோடு இருந்தேன். விழா முடியட்டும், மொத்தமாகப் பார்க்கலாம், அங்கே வைத்துவிட்டுப் போ என்றேன். சரிக்கா என்று வைத்துவிட்டுப் போனாள். அங்கே ஏற்கெனவே ஏழு படிவங்கள் இருந்தன.

கை கழுவி வந்தும் நான் கையெழுத்துப் போடவில்லை. அவளுடைய அட்டென்டன்ஸ் எவ்வளவு என்று கேட்க வேண்டுமென்று, வீட்டுக்கு வந்து இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.