கூரைக்குக் கிடைத்த பெருமை

அரியலூர்,
12.3.2003

சேசு மரி சூசை

அன்புள்ள தம்பி லியோ பிரபுவுக்கு அக்கா எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் மச்சானுக்கு மூச்சிரைப்பு குறையவே இல்லை. சிமெண்டு ஆலையில் அப்பாவுக்குக் கொடுத்து, பிறகு உன் மச்சானுக்கு வந்த இந்த வளைகூரை வீடு மழைக்குச் சல்லடை. குடை பிடித்துக்கொண்டு சோறு பொங்குகிறேன் என்றால் சிரிப்பாய்.

ஒரே நல்ல சேதி, காலனியை இடிக்கப் போகிறார்கள். உன் மச்சானைப் போல ஓய்வு பெற்றவர்களுக்கும் வேறு இடத்தில் மனை உண்டாம். வீடுகள் பழுதுதான் என்று ஆலை இஞ்சினியர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. உன் மச்சான் வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று இப்போதே பேசுகிறார்.

அன்பு அக்கா,
லீலா மேரி

சென்னை,
20.3.2003

அன்புள்ள அக்கா,

இடிப்பதா? சுதந்திரம் வந்த புதிதில் எழுந்த காலனி அது. நடுவில் தூணே இல்லாத அந்தக் கூரையைத்தான் கட்டடக்கலைக் கல்லூரியில் பாடமாக நடத்துகிறேன். சித்திரையில் படம் எடுக்க வருகிறேன். சிமெண்டுத் தூசிக்காகத் துளை ஜன்னல்களில் தைத்திருக்கும் சாக்குகளை அவிழ்த்துவிடு. உங்கள் வரிசைக்கு வெள்ளையடித்தால் இன்னும் நல்லது.

லியோ

சென்னை,
2.9.2003

அன்புள்ள அக்கா,

ஜெயித்துவிட்டோம். காலனியை இடிக்கக் கூடாது என்று நான் ஆலைக்குக் கொடுத்த அறிக்கையின் முதல் பக்கத்திலேயே நம் வீட்டுப் படம். கட்டடம் உறுதிதான் என்று ஆலை நிர்வாகமே ஒப்புக்கொண்டு இடிப்பை நிறுத்திவிட்டது. அப்பா இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். கிறிஸ்துமஸுக்கு மாணவர்களோடு வருகிறேன், உன் கையால் சாப்பாடு.

லியோ

உடையார்பாளையம்,
30.11.2003

சேசு மரி சூசை

லியோவுக்கு,

உன் கடிதம் காலனிக்குப் போய்த் திரும்பி இங்கே வந்தது.

நீ கேட்டாய் என்று சாக்கை அவிழ்த்தோம். "மச்சினன் வர்றான், வூடு லட்சணமா இருக்கட்டும்"னு உன் மச்சான் இரைக்க இரைக்கச் சுண்ணாம்பு அடித்தார். அவரைப் பார்த்து வரிசையே அடித்தது. நீ போன மறுவாரம் இஞ்சினியர் வந்தார். "ஒழுகுதுங்கறீங்க, கறை எங்கம்மா?" என்றார். காட்ட ஒன்றும் இல்லை. அதற்கு மேல் உன் அறிக்கை வேறு. உறுதியான வீட்டுக்கு மாற்று மனை எதற்கு என்று நிர்வாகம் கேட்டது. ஓய்வு பெற்றவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டது.

"ஒந்தம்பி புடிச்ச படத்துலதான் எங்க மனை போச்சு" என்று பக்கத்து வீட்டு செல்வம்மாள் கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் சொன்னாள். மழை ராத்திரிகளில் அம்மா உன்னைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்த வீடு அது. உனக்கு எப்படியடா மறந்தது?

இங்கே எங்களுக்கு ஒற்றை அறை. கிறிஸ்துமஸுக்கு இங்கே வராதே. காலனிக்கே போய்த் தங்கு. வீடு காலியாகத்தான் கிடக்கிறது, ஜன்னலில் சாக்கும் இல்லை.

லீலா மேரி