காலியாக விட்ட முதல் அடி

உன் மகள் நேற்று அந்த ஜமைக்கா இசைத்தட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். உறையைத் திறந்ததும் உன் மூக்குப்பொடி வாடை. ‘உன்’ என்று எழுதுகிறேன். இருந்தவரை உன்னை வாங்க, போங்க என்றுதான் அழைத்தேன். நீ எதிர்த்துப் பேச முடியாத இடத்துக்குப் போன பிறகுதான் எனக்கு இந்தத் துணிச்சல்.

ஞாயிறு மாலைகளில் திருக்காட்டுப்பள்ளியில் உன் வீட்டு மாடியில் கூடுவோம். நீ, நான், பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்த சண்முகம். தட்டின் ஒரு பக்கம் முடியும்வரை யாரும் பேசக் கூடாது; முடிந்ததும் அவரவர் மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். விதியைப் போட்டவன் நீ. மீறுகிறவனும் நீதான். நாகஸ்வரக் கச்சேரிகளில் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டவன் அல்லவா, ஜமைக்காக்காரர்களின் அந்த ரெகே பாட்டுக்கும் தொடையில் தட்டத் தொடங்கினாய். உன் கை ஓரிடத்தில் விழ, டிரம் வேறிடத்தில் விழுந்தது. பாதியிலேயே ஊசியைத் தூக்கிவிட்டாய்.

“தாளமே இல்ல இவனுங்களுக்கு. லண்டன்லேந்து மச்சான் இதப் போயி தூக்கிட்டு வந்திருக்கான் பாரு.”

சண்முகம் சிரித்தார். “எனக்கு நல்லாத்தான் இருக்கு. நாத்து நடற பொம்பளைங்க குனிஞ்சபடியே பின்னாடி போவாங்களே, அந்த மாதிரி ஒரு நடை.”

“தேங்கா விலை ஏறினா உனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். வாத்தியாரே, நீ சொல்லு.”

கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று தட்டை இரவல் வாங்கிப் போனேன். ஒரு வாரம் மேசைமேல் விரலால் எண்ணிக்கொண்டே கேட்டேன். அடுத்த ஞாயிறு தயங்கித் தயங்கிச் சொன்னேன். “நாலு அடில மொத அடிய வேணும்னே காலியா விடறாங்க. டிரம் மூணாவதுலதான் விழுது. நாம மொதல்ல எதிர்பாக்கறதால தப்பாத் தெரியுது. நம்ம பாட்டுல தாளம் விழுந்து கொஞ்சம் தள்ளி எடுப்பு வருமே, அத நெனச்சுக்கங்களேன்.”

“கணக்கு வாத்தியார் கணக்கோட நிறுத்திக்கணும்” என்றாய். “காது வேற.”

அதை நான் நம்பினேன். அதுதான் இன்னும் ஆறவில்லை. அதன் பிறகு எந்தப் பாட்டைப் பற்றியும் யாரிடமும் கருத்துச் சொல்லவில்லை.

பிறகு தஞ்சாவூரில் ஒரு சபாவில் பேசினாய். ரெகேயில் ஓர் அடியைக் காலியாக விடுகிறார்கள், அதைக் கண்டுபிடிக்க உனக்கு ஒரு வாரம் பிடித்தது என்றாய். கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த சண்முகம் என் முழங்கையை இடித்தார். “ஏன் வாத்தியாரே, இது நீங்க சொன்னதுல்ல?”

“விடுங்க” என்றேன். வீட்டுக்கு வந்து உனக்காக நானே வாதாடினேன். ஒருவேளை நீயும் தனியாகக் கேட்டுக் கண்டிருக்கலாம். ஒருவேளை உன்னிடம் கேட்டதைத்தான் என்னுடையது என்று நினைத்துக்கொண்டேனோ. பல வருஷம் இந்தச் சந்தேகத்தோடேயே இருந்தேன்.

நேற்று உன் மகள், “மாமா, அப்பாவோட நினைவு மலர் அச்சுக்குப் போவுது. இந்த ரெகே விஷயத்த அப்பா எழுதி வச்சிருந்தபடியே போட்டிருக்கேன், அது மட்டும் சரியான்னு சொல்லுங்க. எனக்குத் தாளமெல்லாம் தெரியாது” என்று படித்துக் காட்டினாள். டிரம் முதல் அடியில் விழும், மூன்றாவது அடி காலியாக விடப்படும், இதை முதலில் கவனித்தவர் அப்பா.

தலைகீழ். எடுத்துக்கொண்டதைக்கூட நீ ஒழுங்காகக் கேட்கவில்லை.

என்மேல் எனக்கு நம்பிக்கை போதாது. “கொஞ்சம் இரும்மா” என்று தட்டைப் போட்டு எண்ணிப் பார்த்தேன். முதல் அடி காலி. மூன்றில் டிரம். எனக்குக் காது இருந்திருக்கிறது.

“சரியா இருக்கா மாமா?”

இரண்டு சொற்களை இடம் மாற்றினால் போதும். மாற்றினால் நான் கேட்டது உன் பெயரில் அச்சாகும்.

“ஒரு எழுத்தும் மாத்தாதம்மா” என்றேன். “அது உங்கப்பா சொன்னதுதான்.”

சின்னத்தனம் என்பாய். இருக்கலாம். உன் சாம்பலைக் காவிரியில் கரைத்தபோது படித்துறையில் நானும் நின்றேன். எல்லோரும் முழுக்குப் போட்டு மனம் லேசாகித் திரும்பினார்கள். நான் கோபத்தை மட்டும் விடாமல் வீட்டுக்கு எடுத்து வந்தேன். எனக்கு அது வேண்டியிருக்கிறது.