ஏழாவது குழியில் நான் எழுதிய ஐந்து

அன்பு மகள் வெர்லினுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் முழங்கால் நீங்கலாக. அலாஸ்காவின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் தினமும் காலைக் காப்பியைக் குடிக்கிறேன். அம்மா மறுபடியும் சர்ச் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் பயிற்சி நடக்கும்போது நான் களை எடுக்கப் போய்விடுகிறேன், நம் தோட்டம் இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை. நீ அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்தன. ஜார்ஜியாவின் ஏப்ரல் வெயிலில் அவற்றைப் போட்டுக்கொள்ள முடியாது என்பதால் கோல்ஃப் மட்டைகளின் தலையில் மாட்டியிருக்கிறேன், அவை உனக்கு நன்றி சொல்கின்றன.

நம் ஹிக்கரி ஹாலோ கோல்ஃப் மைதானத்தை மூடிவிட்டு நகரசபை கிடங்கு கட்டப்போகிறது என்று முன்பே எழுதியிருந்தேன். பாரம்பரிய ஆணையம் அதை வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்தால்தான் தப்பும். அதற்கு, மைதானத்தை எல்லோருக்கும் திறக்கச் சொன்ன நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 1956 ஜூன் ஒன்பதாம் தேதி கறுப்பர்கள் நாங்கள் அங்கே முதன்முதலாக ஆடினோம் என்பதற்கு எழுத்தில் சான்று வேண்டுமாம். அந்த வருடத்துப் பதிவேடு நகரசபையில் காணவில்லை. பத்திரிகைகளுக்கு அன்று வேறு செய்திகள் இருந்தன. மிச்சமிருந்தது குழிக்குக் குழி அடித்த அடிகளை எழுதிவைத்த என் ஆட்டச் சீட்டு மட்டும்தான், தேதியோடு. அதுவரை அந்தப் பொது மைதானத்துக்குள் நாங்கள் பிறருடைய மட்டைப் பையைச் சுமந்துகொண்டு போகலாம், பொது என்ற சொல்லில் எங்களுக்கு இருந்த இடம் அவ்வளவுதான். அன்று நானும் ஓஸெல் கிரீரும் இருவருக்குமாக ஏழு மட்டைகளோடு போனோம். குழிகளிலிருந்த கொடிகளையெல்லாம் யாரோ பிடுங்கி வைத்திருந்தார்கள். பத்து வருடம் பை சுமந்தவர்களுக்குக் குழி இருக்குமிடத்தைக் கொடி சொல்ல வேண்டியதில்லை. சீட்டைக் கொடுத்தவர்கள் பென்சில் கொடுக்கவில்லை, அதனால் உன் அம்மாவின் புருவப் பென்சிலால் எழுதினேன். கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்பு அது எப்படி என் சட்டைப் பையில் இருந்தது என்று நீ கேட்க வேண்டாம்.

ஏழாவது குழிக்கு முன்னால் ஒரு குளம் உண்டு. வேலியோரம் நாற்பது வெள்ளைக்காரர்கள் பேசாமல் நின்றார்கள். அவர்கள் கையில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை, பார்க்காமலிருக்க மிகவும் பாடுபட்டேன். இரண்டு பந்துகளைக் குளத்துக்குக் கொடுத்து எட்டாவது அடியில்தான் பந்தைக் குழியில் போட்டேன். சீட்டில் ஐந்து என்று எழுதினேன். எட்டு என்று எழுதினால் ஓர் இனமே எட்டு அடித்ததாகிவிடும், மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன் என்று இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். ஐந்து என்றால் மொத்தக் கணக்கில் ஓஸெலைவிட ஓர் அடி குறைந்து ஜெயிக்கலாம் என்பது மானத்துக்கு முன்பே என் மனதில் வந்துவிட்டது. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் முடிதிருத்தும் கடையில் அவன் எட்டு என்பான், நான் ஐந்து என்பேன். ஊரார் இதை இரண்டு கிழவர்களின் பொழுதுபோக்கு என்று எடுத்துக்கொண்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை விசாரணை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே உன் அம்மா, "லெமுவேல், உண்மை பேசுறேன்னு கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணப்போற. அதுக்கப்புறம் அஞ்சுன்னு சொன்னா நம்ம வீட்டுக்கு வராதே" என்றாள். எட்டு என்று ஒப்புக்கொண்டால், எண்ணில் பொய் சொன்னவன் தேதியில் சொல்லமாட்டானா என்று நகரசபை வக்கீல் கேட்பார். மைதானம் போய்விடும். அங்கே பயிற்சி செய்யும் பள்ளிக்கூடப் பெண்கள் அணிக்கு வேறு இடமும் கிடையாது. வழியெல்லாம் தலைவலி வந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். எழுபத்தெட்டு வயதில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும் யோசனை.

ஆணையத் தலைவி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதிலிருப்பதெல்லாம் உண்மைதானா என்று மரியாதையாகக் கேட்டார். ஏழாவது குழி தவிர என்றேன். அடித்தது எட்டு, எழுதியது ஐந்து என்றேன். வக்கீல் எதிர்பார்த்தபடியே எழுந்து எதிர்பார்த்ததையே கேட்டார். அப்போது பின்வரிசையில் ஓஸெல் கைத்தடியை ஊன்றி எழுந்தான்.

"இந்த ஆளு வாயால இதைக் கேக்கத்தான் ஐம்பத்தாறு வருஷமா உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றான். "அவன் பொய் எழுதினது எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல நின்னு எண்ணினேன். எந்த இடம்? ஹிக்கரி ஹாலோ. என்னிக்கு? ஜூன் ஒன்பது, சனிக்கிழமை. என்னை ஏமாத்தின நாளை நான் மறப்பேனா?"

இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கலாமே என்றார் வக்கீல்.

"தம்பி, நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு ஒரு நாளைச் சொல்றதா இருந்தா, சீட்டுல நான் ஜெயிச்ச நாளைச் சொல்லியிருப்பேன்."

ஐந்துக்கு இரண்டு என்ற வாக்கில் மைதானம் பிழைத்தது. சீட்டைக் கிளப் கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்கள். ஏழாவது குழியில் எழுதியது ஐந்து, அடித்தது எட்டு என்று கீழே ஒரு குறிப்பும் இருக்குமாம். என் பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் வாசித்துக்கொள்ளட்டும். உன் அம்மா வீட்டுக்குள் விட்டாள்.

கடவுள் உங்கள் எல்லோரையும் காத்துக் கைப்பிடித்து நடத்தட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தம், வெளியே போகும்போது காதை மூடிக்கொள்ளச் சொல். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஓஸெலுக்கு எண்பது முடிகிறது, மறக்காமல் தொலைபேசியில் வாழ்த்து. அப்படியே அந்த ஆட்டத்தில் ஜெயித்ததற்கும் அவனுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லிவிடு. நான் இன்னும் சொல்லவில்லை.

என்றும் உன் அன்புள்ள அப்பா,
லெமுவேல் பிரூயிட்