இடது பக்கம் இழுத்த வண்டி

அத்தை,

இன்று காலை மெக்கானிக் கடையில் என் வண்டியின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயிலிருந்து பழைய ஆயிலை ஒரு பெயின்ட் டப்பாவில் வடித்துக்கொண்டிருந்தார்கள். மீன் கழுவிய தண்ணீரும் கருகிய எண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை. "தள்ளி உக்காருங்க மேடம், நாறும்" என்றார் கடைக்காரர். நான் நகரவில்லை. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. உங்கள் படத்துக்கு முன்னால் ஏற்றும் ஊதுபத்தியில் எனக்கு நீங்கள் வந்ததே இல்லை. இந்த நாற்றத்தில் வந்துவிட்டீர்கள்.

பாப்பாவுக்கு அப்போது நாலு வயது. உங்கள் மகன் அண்ணனூர் ரயில் ஷெட்டு வேலைக்கு ரயிலில் போய்விடுவார், வண்டி என்னிடம் இருக்கும். மேனாம்பேட்டிலிருந்து அயனம்பாக்கம் ஏரி வழியாகப் பூந்தமல்லி ஆபீசுக்கு முக்கால் மணி நேரம். பஸ், ஷேர் ஆட்டோ என்று மாறி மாறிப் போனால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. பாப்பாவை விட்டுப்போகும் இடத்தை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். நீங்களும் கம்பெனியில் பேக்கிங் வேலை முடிந்து ஏழு மணிக்குத்தான் வருவீர்கள். வண்டி இருந்தால்தான் எனக்கு வேலை.

ஒரு மழை நாளில் தண்ணீர் நின்ற பள்ளத்தில் முன் சக்கரத்தை இறக்கி விழுந்தேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். வண்டியில் முன்பக்கக் குழாய் ஒன்று வளைந்துவிட்டது. "புதுசு எதுக்கு மேடம், பெண்டு எடுத்துடலாம்" என்று மெக்கானிக் அதை பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்திப் பூட்டிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து வண்டி இடது பக்கம் இழுத்தது. மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "அம்பு மாதிரி போவுது" என்றார். உங்கள் மகன் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, "வண்டி நல்லாத்தான் கீது. உனக்குத்தான் பயம் பூந்துக்கிச்சி" என்றார். விழுந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும் என்று ஆபீசிலும் சொன்னார்கள். மூன்று வாரம் இதையே கேட்டுக் கேட்டு, நானும் நம்பத் தொடங்கிவிட்டேன். ஹேண்டிலைப் பிடித்த என் கையையே சந்தேகமாகப் பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். நாளையிலிருந்து பஸ், ஒத்துவராவிட்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். நீங்கள் தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். தலையை நிமிர்த்தாமலே கேட்டீர்கள்.

"எந்தப் பக்கம் இழுக்குது?"

"இடது பக்கம், அத்தை."

"தெனமும் அதே பக்கந்தானா? ஒரு நாளாவது வலது பக்கம் இழுத்துச்சா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லை."

"பயம்னா இன்னிக்கு இப்டி இழுக்கும், நாளைக்கு அப்டி இழுக்கும். தெனம் ஒரே பக்கம் இழுத்தா அது உன் கை இல்ல. பீஸ்ல கோளாறு."

"எம்மா, நீ எப்ப இஞ்சினீர் ஆன?" என்று சிரித்தார் உங்கள் மகன்.

"வாய மூடு. காலைல போறப்ப வண்டிய அந்த மெக்கானிக் கடைல உட்டுட்டு ரயிலு ஏறு."

அதுவரை யாரும் என்னிடம் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை அத்தை.

மறுநாள் நீங்கள் அரை நாள் லீவு போட்டீர்கள். எனக்கும் போடச் சொன்னீர்கள். வீட்டு டீப்பாயின் மேல் கண்ணாடியைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றினீர்கள். ஷேர் ஆட்டோவில் நம் இருவர் மடியிலும் அது கிடந்தது. "ஒடஞ்சா நான் பொறுப்பில்ல ஆயா" என்றான் டிரைவர். "மேட்டுல மெல்ல ஏத்து நைனா, ஒடஞ்சா உன்னியும் சேத்து இதுல சுத்திக்கினு போவேன்" என்றீர்கள். எதற்கு இந்தக் கண்ணாடி என்று எனக்கு அதுவரை தெரியாது. கேட்கவும் பயம்.

கடையில் அந்தக் குழாயைக் கழற்றச் சொன்னீர்கள். மெக்கானிக் முனகிக்கொண்டே கழற்றினார். ஒரு டம்ளர் அளவு கறுப்பு எண்ணெய் வழிந்தது, இன்றைய அதே வாடையோடு. துணியால் குழாயைத் துடைத்து, மேஜையில் கிடத்திய கண்ணாடி மேல் வைத்தீர்கள். குனிந்து, கண்ணைக் கண்ணாடி மட்டத்துக்குக் கொண்டுபோய், விரல் நுனியால் மெதுவாக உருட்டினீர்கள். பிறகு என் தோளை அழுத்திக் குனிய வைத்தீர்கள். "பாரு."

குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. உருட்டினால் மறைந்தது. இன்னும் உருட்டினால் மறுபடி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில்.

மெக்கானிக்கும் குனிந்து பார்த்தார். "ஒரு முடி அளவு வளைவு கீது. இதெல்லாம் ஒரு மேட்டரா ஆயா?"

"அந்த முடி அளவுதான் என் மருமவள மூணு வாரமா பைத்தியம் புடிக்க வெச்சிக்கீது. ரெண்டு பக்கமும் புதுசு போடு. போட்டுட்டு அவ கைல குடு. அவ ஓட்டிப் பாத்து சரின்னாத்தான் சரி."

நான் கடைக்கு வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். பழுது வண்டியில் என்று தெரிந்ததற்கு யாராவது இவ்வளவு சந்தோஷப்படுவார்களா?

சாயங்காலம் நீங்கள் பின்னால் ஏறி உட்கார்ந்தீர்கள். பெண் ஓட்டும் வண்டியில் நீங்கள் ஏறியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போகாமல் ஏரிப் பக்கம் போகச் சொன்னீர்கள். வண்டி நேராகப் போனது. பள்ளம் இருந்த இடத்தைத் தாண்டிய பிறகு, என் முதுகுக்குப் பின்னால் இருந்து பேசத் தொடங்கினீர்கள்.

"நானும் கம்பெனில ராடு வளைஞ்சிருக்கான்னு உருட்டிப் பாத்துக்கினு இருந்தவதான். இருவது வருசம். ஒரு தபா ஒரு லாட்டுல அத்தன ராடும் ஒரே எடத்துல வளைஞ்சிருந்துச்சி, வெளிய அனுப்பாம நிறுத்திட்டேன். ஆயாவுக்குக் கண்ணு போயிடிச்சின்னு சொல்லி பேக்கிங்ல தள்ளிட்டானுங்க. ஒருத்தனாவது உருட்டிப் பாத்திருக்கலாம்."

"அந்த லாட்டு என்ன ஆச்சு அத்தை?"

"வாங்கனவன் திருப்பி அனுப்ச்சிட்டான். என்னிய யாரும் திருப்பிக் கூப்டல."

ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், நீங்கள் எப்போதுமே பேக்கிங்கில்தான் இருந்தீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

வேலையை நான் விடவில்லை. இப்போது அதே ஆபீசில் எனக்குக் கீழே பதினோரு பேர். பாப்பா ஏழாம் வகுப்பு. போன மாதம் செவ்வாய்க்கிழமைதோறும் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள். "ஸ்கூலுக்குப் போவ சோம்பேறித்தனம்" என்றார் அவள் அப்பா. எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமை என்னென்ன வகுப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். மூன்றாவது வகுப்புக்கு வரும்போது அழுதுவிட்டாள். அந்தப் பாடத்தில் மட்டும் எல்லோர் முன்னாலும் அவளை நிற்க வைத்துப் படிக்கச் சொல்ல, பிள்ளைகள் திக்குவாய் என்று கேலி செய்திருக்கிறார்கள். பள்ளிக்குப் போய்ப் பேசினேன். இந்த வாரம் செவ்வாய்க்கிழமை எழுந்து, தானே ஜடை பின்னிக்கொண்டு போனாள்.

உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும் அத்தை. அன்று ஏரிக்கரையில் ஓட்டிக்கொண்டே ஒரு தடவை சொன்னேன், காற்றில் கேட்டிருக்காதோ என்று இரண்டாவது தடவை சத்தமாகவும் சொன்னேன்.

"கேட்டுச்சி, ரோட்டப் பாத்து ஓட்டு" என்றீர்கள்.