எர்த் குழியில் நாலு குடம் தண்ணீர்

சித்திரை 9, வியாழன்

கல்லூரியில் ஒரு துறையின் ஆய்வகக் கருவிகளுக்கு இன்று மின்பாதுகாப்புச் சோதனை செய்தேன். எல்லாம் சரி. ஓவனில் 'பாதுகாப்பானது' என்ற கடைசி லேபிளை ஒட்டும்போது அட்டெண்டர் கோவிந்தசாமி பெருமையாகச் சொன்னார்: "நீங்க டெஸ்ட் பண்ண வர்றீங்கன்னு காலையிலயே எர்த் குழியில நாலு குடம் தண்ணி ஊத்திட்டேன் சார். எப்பவும் அப்படித்தான்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல யாரு சார் பாக்குறாங்க?"

ஆறே வறண்டு கிடக்கிறது. எர்த் குழி காய்ந்தால் கசியும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்காது. தொடுகிறவர் கைக்குத்தான் வரும்.

போன கோடையில் இதே ஓவனைத் தொட்டு விழுந்தாள் மாணவி செல்வி, குடவாசல் பக்கத்து விவசாயக் கூலி ஒருவரின் மகள். "கையை இழுத்துச்சு சார்" என்றாள். மறுநாள் வந்து சோதித்தேன், மீட்டர் சரியாகவே காட்டியது. அவர்கள் ஊரில் அப்போது கூலித் தகராறு, யாருக்கும் வேலை இல்லை. பட்டினி மயக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் பிறகு படிக்க வரவில்லை.

இன்று ஒட்டிய லேபிளைக் கிழித்துவிட்டேன். அன்று எழுதியது கோப்பில் இருக்கிறது.

அதை எழுதும்போது அவள் அப்பா எதிரில்தான் நின்றார். "சாப்பிட்டுட்டுத்தான் சார் வந்தா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.