பட்டு சிக்கிய இடம்

காஞ்சிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ஷோயபுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் இங்கே எல்லோரும் நலம், என் முழங்கால் சிராய்ப்பும் காய்ந்துவிட்டது, அந்த நெதர்லாந்துக் குளிரில் நீயும் மருமகள் அஞ்சுமும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை, நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னா கேளும்மா என்று ஆரம்பித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

ஏனாத்தூர் ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரன் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்து என் சைக்கிளை இடித்தது உண்மை, நான் விழுந்ததும் உண்மை. ஆனால் முந்தானைக்குக் குச்சு கட்டி எடுத்துப்போன சேலைகளில் ஒரு பொட்டு மண் படவில்லை, அதை உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கே இருந்துகொண்டே சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லி கலீம் மாமாவுக்கு உத்தரவு போட்டாயாமே. ஓட்டுவது நான், உத்தரவு மட்டும் உன்னுடையதா? உன் அத்தா மௌத்தான பிறகு நாற்பது வயதுக்கு மேல் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன். அதற்கு முன்னால் வேலைக்குச் சேலை வாங்கி வரக்கூட யாராவது கூட்டிப்போவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மறுபடியும் அப்படி உட்கார மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உன் மாமா என் தம்பிதானே, என் மனசு நோகக்கூடாது என்று முன் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஒண்ணும் ஆவலக்கா, நீ பாட்டுக்கு ஓட்டிக்கினு போ என்றான். நீ பார்க்காமலே தூக்கிப் போடு என்றாய், அவன் பார்த்தும் பார்க்காமல் ஓட்டு என்றான். இரண்டு பேர் பேச்சும் வேண்டாம் என்று நானே உட்கார்ந்துவிட்டேன். பின் சக்கர நட்டில் பட்டு நூலைக் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்க நட்டுக்கு விறைப்பாக இழுத்துக் கட்டினேன். சீட்டுக் குழாய்க்கு இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி, பிரேம் கோணவில்லை. வந்த சந்தோஷத்தில் உனக்கு உடனே போன் போட்டுத் திட்டலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு அழுக்கைத் துடைத்துவிட்டு, குச்சுக்கு வைத்திருந்த முறுக்காத பட்டு இழைகளை எடுத்துக் குழாய்கள் மேல் தடவிக்கொண்டே வந்தேன். தறியில் ஊடை நூலோடு குறுக்கே ஓடும் நாடாக் கட்டையில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தாலும் இங்கே இப்படித்தான் கண்டுபிடிப்பார்கள், உனக்குத் தெரியாததா? ஹேண்டிலுக்குக் கீழே, குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு இழை சிக்கியது. வெறும் பெயின்ட்தான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு பிளேடால் சுரண்டினேன். பெயின்ட் போயும் கோடு போகவில்லை, விரிசல் இரும்பிலேயே ஓடியிருந்தது. அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

மாமா வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடித்துவிடலாம் என்றான். மெல்லிய குழாய், ஒட்டுக்குப் பக்கத்திலேயே விட்டுக்கொண்டால் லாரிக்கு முன்னால்தான் விழுவேன், வேண்டாம் என்றேன். அப்படியே இரும்புக் கடைக்குப் போனால் யாராவது பூசி மெழுகி ஒரு பிள்ளையின் தலையில் கட்டிவிடுவார்கள், அதனால் என் கண் முன்னாலேயே ரம்பத்தால் இரண்டாக அறுக்கச் சொன்னேன். நீ ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. பார்த்தது நான், வேண்டாம் என்றதும் நான், அதுவும் அந்தப் பிரேமைத்தான். சக்கரம், சீட்டு, கேரியர் எல்லாம் நன்றாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மாமா வேறு பிரேமில் மாட்டித் தருவான். அதிலும் பட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். சனிக்கிழமை திருப்புட்குழிக்குச் சேலை கொண்டுபோக வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், தலையில் குல்லா இல்லாமல் வெளியே போகாதே. அல்லாஹ் உங்கள் இருவரையும் எல்லா ஆபத்திலிருந்தும் காப்பாற்றுவானாக. ஒன்றை மறந்துவிடாதே. போன மாதம் பனியில் வழுக்கிச் சைக்கிளோடு விழுந்தாயாம், மறுநாளே அதே சைக்கிளில் வேலைக்குப் போனாயாம், அஞ்சும் சொன்னாள். நான் உன்னை நிறுத்தச் சொன்னேனா? கவருக்குள் கொஞ்சம் பட்டு வைத்திருக்கிறேன். குனிந்து உன் சைக்கிளின் அடிப்பக்கமெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய். நான் குறுக்கே பேச மாட்டேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமை சைக்கிளில் போகப்போகிற உன் அம்மா,
பல்கீஸ்