இந்த வருஷமும் அவளைத்தான் கட்டினான்

சேசு மரி சூசை துணை

கடத்தூர்,
29-12-1975

பாசமுள்ள மாப்பிள்ளை சவரிராயன் அவர்களுக்கு மாமியார் மிக்கேலம்மாள் எழுதுவது. இங்கே நானும் பேத்தி புஷ்பமும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். தங்கவயலில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, சுரங்கத்தில் இறங்கும்போது கழுத்தில் மாதா சுரூபம் இருக்கிறதா என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

நான் கன்னியர் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். இதற்கு முன் கடிதம் போட்டபோதெல்லாம் பூசைக்கு மணியடிக்கிற கோயில் பிள்ளையைத்தான் எழுதச் சொன்னேன். இந்தக் கடிதத்தை இன்னொருவர் கையில் கொடுக்க மனசு வரவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்லேண்டில் இடம் போதாது என்று வெள்ளைத்தாள் வாங்கி எழுதுகிறேன்.

புஷ்பத்துக்குச் சளி பிடித்து இப்போது தேவலை. துளசியும் தேனும் கொடுத்தேன். நன்றாகப் பேசுகிறாள். கோழியைப் பார்த்து, முட்டை போடலைன்னா உன்னைச் சாமியார் பங்களாவுக்கு அனுப்பிடுவேன் என்று மிரட்டுகிறாள். யாரிடம் கற்றாளோ. கேழ்வரகு அறுத்தாயிற்று. இந்த வருஷம் கதிர் சிறுத்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போய் அடிப்படி தெரிகிறது. உங்கள் மாமா காலமான வருஷம்கூட இப்படி இறங்கவில்லை.

கிறிஸ்மஸ் வந்து போனது. சாவு விழுந்த வீட்டில் முதல் கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. அதன்படியே இருந்தேன். பக்கத்து வீட்டு நஞ்சம்மாள் முறுக்குச் சுட்டுக் கொண்டுவந்தாள். அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். எங்களுக்கு இது பண்டிகையும் இல்லை நோம்பியும் இல்லை, ஆனா நீ சுடலைன்னா நான் சுடறேன் என்று சொல்லிவிட்டு, எண்ணெய்ச் சட்டியை என் வீட்டில்தான் வாங்கிக்கொண்டு போனாள். வீதியில் எல்லா வீட்டிலும் நட்சத்திரம் எரிகிறது, நம் வீட்டில் ஏன் இல்லை என்று புஷ்பம் கேட்டாள். அடுத்த வருஷம் கட்டலாம் என்றேன். அடுத்த வருஷம்னா நாளைக்கா ஆயா என்று கேட்டாள். நாளைக்கு இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாள் முடிந்த வாரம் உங்கள் அக்கா இங்கே வந்து போனார்கள். நடந்ததைச் சொல்லியிருப்பார்கள். தம்பி தனியாகக் கிடக்கிறான், ஷிப்டு முடிந்து வந்து ஆறின சோற்றைத் தின்கிறான், தங்கவயல் கோயில் பங்கிலேயே ஒரு பெண் இருக்கிறாள், தகப்பன் இல்லாதவள், தையல் தெரியும், குழந்தையைத் தன் குழந்தை மாதிரி பார்ப்பாள், பெரியம்மா ஒரு வார்த்தை சரி என்று சொல்லாமல் தம்பி வாய் திறக்க மாட்டேன் என்கிறான் என்றார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். நான்தான், ராயம்மா போட்டோவுக்குப் போட்ட மாலைகூட இன்னும் வாடலை, அதுக்குள்ளே உன் தம்பிக்கு ஆறின சோறு எறங்கலையா என்று கேட்டுவிட்டேன். உங்கள் அக்கா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

என் மகள் போட்டோவில் கிடப்பது ஜிகினாக் காகித மாலை. அது எந்தக் காலத்தில் வாடும்? எனக்கும் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே எழுந்துபோன உங்கள் அக்காவுக்கும் தெரியும்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நான் சினிமாவுக்குப் போனேன். மகள் செத்து வருஷப் பூசைகூட வைக்கவில்லை, மிக்கேலம்மா கொட்டகையில் போய் உட்கார்ந்தாள் என்று யாராவது உங்களுக்குச் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

நூர் பாஷா டூரிங் கொட்டகையில் கிறிஸ்மஸ் வாரத்துக்கு வருஷா வருஷம் அதே படத்தைத்தான் கொண்டுவந்து போடுகிறார். கோயில்காரர்கள் எல்லாரும் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். கல்யாணமான வருஷம் நீங்களும் ஆண்கள் பக்கம் உட்கார்ந்து பார்த்தீர்கள். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். மலையில் ஒரு டாக்டர். பெண்டாட்டி செத்துப்போனவன். ஒரு பெண் குழந்தை. கிறிஸ்மஸுக்கு முன்னால் ஒரு டீச்சர் அந்த ஊருக்கு வருவாள். குழந்தை அவளை ஒட்டிக்கொள்ளும். டாக்டருக்கு அவள்மேல் ஆசை, ஆனால் சொல்ல மாட்டான். சுவரில் மாட்டியிருக்கிற செத்தவள் போட்டோவைப் பார்த்துப் பார்த்து நிற்பான். டீச்சர் கோபித்துக்கொண்டு பெட்டியோடு பஸ் ஏறிவிடுவாள். கிறிஸ்மஸ் அன்றைக்குக் குழந்தை வாசலில் நட்சத்திரம் கட்டும். மலை வளைவில் பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்து அவள் இறங்கி ஓடி வருவாள். கோயில் மணி அடிக்கும். பனி கொட்டும். பனி என்றால் பஞ்சைப் பிய்த்துத்தான் போடுகிறார்கள். நஞ்சம்மாள் ஒவ்வொரு வருஷமும், பாவம் இவங்களுக்குக் கல்யாணம் பண்ண பருத்திக் காடுதான் கெடைச்சுதா என்பாள்.

கதை தெரிந்தும் ஒரு வருஷம் விட்டதில்லை. ராயம்மாளும் நானும் சேர்ந்துதான் போவோம். அவள் கடைசி ரீலில் தூங்கிவிடுவாள், அது உங்களுக்கும் தெரிந்ததுதான். திரும்பி நடக்கும்போது கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஏம்மா, கடைசியிலே கட்டிக்கிட்டானா என்று கேட்பாள். கட்டினான்டி, வேறே என்ன பண்ணுவான் என்பேன். அப்போதுதான் அவளுக்கு நிம்மதி.

இந்த வருஷம் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். நஞ்சம்மாள்தான், குழந்தை ஒரு நட்சத்திரம்கூடப் பாக்காம கெடக்குது அக்கா, கொட்டகை வாசல்லே பெரிசா கட்டியிருக்காங்க, காட்டிட்டு வந்துடலாம் என்று கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் நூர் பாஷா நின்றிருந்தார். ராயம்மாள் இல்லாமல் நான் வருவதைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டார். பிறகு எதுவும் தெரியாதவர் மாதிரி, வாங்கம்மா, பயப்படாதீங்க, இந்த வருஷமும் அவன் அவளைத்தான் கட்டுவான், ஆளை மாத்தலே என்றார். மெட்ராசிலே வூட்டுக்குள்ளேயே படம் காட்டுற பெட்டி வந்திருச்சாம், நம்ம பொழைப்பு இன்னும் எத்தனை நாளைக்கோ என்றும் சொன்னார். அதற்கு நஞ்சம்மாள், வூட்டுக்குள்ளே தனியா உக்காந்து அழுதா யாருங்க பாய் பாக்கப் போறாங்க என்றாள். அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்போடேயே உள்ளே போய்விட்டேன்.

கொட்டகையில் ஒரே மிஷின்தான். ரீல் மாற்றும்போதெல்லாம் லைட் போட்டுவிடுவார்கள். லைட் போட்டதும் பெண்கள் பக்கத்தில் ஒரே பேச்சு. இவன் ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கறான், இவளாவது ஒரு வார்த்தை கேக்கலாமில்லே என்று, இன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறவர்கள் மாதிரி சண்டை போடுவார்கள். புஷ்பம் என் மடியில் படுத்துக்கொண்டு அந்தப் படத்துக் குழந்தையையே பார்த்தாள். நானும் மெதுவாக எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். மாப்பிள்ளை, அதுதான் நான் செய்த முதல் பாவம். ஒன்பது மாதமாக ராயம்மாள் நினைப்பில்லாமல் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. கொட்டகையில் முறுக்கைக் கடித்துக்கொண்டு ஒரு ரீல் முழுக்க அவளை மறந்து உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறாள். குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த டாக்டர் மறுபடியும் போட்டோ முன்னால் போய் நிற்கிறான். எனக்கு வந்ததே ஆத்திரம். அட பாவி, செத்தவளையே பாத்துக்கிட்டு நிக்கறியே, குழந்தை மொகத்தைப் பாருடா, போய்க் கூட்டிக்கிட்டு வாடா என்று கத்திவிட்டேன். வாய்விட்டுத்தான் கத்தினேன். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ரெண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து ரீல் முடிந்து லைட் வந்தது.

சிரித்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். கத்தினது யார் என்று பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. என் மடியில் தாயில்லாப் பிள்ளை. உங்கள் அக்கா காப்பியை வைத்துவிட்டுப் போனது வீதிக்கே தெரியும். நஞ்சம்மாள் என் முந்தானையை இழுத்துப் புஷ்பத்தின் காலை மூடிவிட்டாள், அவ்வளவுதான். ரீல் மாற்றி முடிக்கும்வரை நான் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசி ரீலில் நான் டாக்டரையும் பார்க்கவில்லை, டீச்சரையும் பார்க்கவில்லை. அந்தப் போட்டோவைத்தான் பார்த்தேன். செத்தவளுக்குப் படத்தில் ஒரு போட்டோவும் ஒரு மாலையும்தான். அவளுக்குப் பெயர்கூட இல்லை. இத்தனை வருஷம் பார்த்தும் அது எனக்குத் தோன்றவில்லை. அவளைப் பெற்றவள் ஒருத்தி எங்கேயாவது இருந்திருப்பாள் அல்லவா. அவளை யாரும் காட்டவில்லை. கோயில் மணி அடிக்கிறபோது அவள் எந்த வீட்டில் உட்கார்ந்திருந்தாள், அந்தக் குழந்தையை அவள் பிறகு பார்த்தாளா இல்லையா, ஒன்றும் கிடையாது. வருஷா வருஷம் நானும் என் மகளும் அவளை நினைக்காமல்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். அந்தத் தாய்மேல் கோபமாக வந்தது. அவளும் என்னை மாதிரி வீட்டுக்கு வந்தவர்களை ஏதாவது பேசி அனுப்பியிருப்பாள், அதனால்தான் கதையில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள் என்று தோன்றியது.

திரும்பி வரும் வழியில் புஷ்பம் என் தோளில் தூங்கிக்கொண்டு வந்தாள். கோயில் முக்கு திரும்பும்போது விழித்து, ஆயா, அந்த டீச்சர் பாப்பாகிட்டே வந்துட்டாங்களா என்று கேட்டாள். அவள் அம்மா கேட்ட அதே இடம். நான் அவளை மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டேன். இரண்டாவது தடவை கேட்டாள். வந்துட்டாங்க, நீ தூங்கு என்றேன். மறுபடி தூங்கிவிட்டாள்.

மாப்பிள்ளை, வெள்ளைத் துணியில் தெரிகிற ஒருவனுக்கு நான் வருஷா வருஷம் வேண்டிக்கொண்டதை, என் வீட்டில் சாப்பிட்ட உங்களுக்கு இல்லை என்று சொன்னேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சரி என்று சொன்னாலோ ராயம்மாளை நானே இன்னொரு தரம் மண்ணில் வைப்பது போல இருக்கிறது. அவள் போட்டோ முன்னால் போய்ச் சொல்லிப் பார்த்தேன். படத்தில் போட்டோவிலிருந்து சம்மதம் என்று பூ விழும். இங்கே காகிதப் பூ, என்ன விழப்போகிறது. நானே அந்த மாலையைக் கழற்றித் தூசி தட்டி மறுபடி போட்டேன். அதற்குமேல் கேட்க ஆள் இல்லை.

சரி என்றே எழுதுகிறேன். வருஷப் பூசை மார்ச்சில் தவக்காலத்தில் வருகிறது. தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. பாஸ்கு திருநாள் முடிந்து கோயிலில் கல்யாண ஓலை படிக்கச் சொல்லுங்கள். உங்கள் அக்காவிடம், பெரியம்மா காப்பியைச் சூடு பண்ணி வைத்திருக்கிறாள், வந்து குடித்துவிட்டுப் போகச் சொன்னாள் என்று சொல்லுங்கள். அவர்கள் வராவிட்டால் நானே பஸ் ஏறி வருகிறேன்.

அங்கே உங்களிடம் இருக்கிற ராயம்மாள் போட்டோவைச் சுவரில் மாட்டி வைக்க வேண்டாம். வருகிற பெண்ணுக்கும் கஷ்டம், இவளுக்கும் கஷ்டம். பெட்டிக்கு அடியிலும் போட வேண்டாம். பூசைக்கு வரும்போது இங்கே கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிடுங்கள். இங்கே இருக்கிற போட்டோவுக்குத் துணையாக இருக்கட்டும்.

புஷ்பத்தைக் கூட்டிக்கொண்டு போவது உங்கள் உரிமை. நான் தடுக்கவில்லை. பால் சூடாக இருந்தால் குடிக்க மாட்டாள், ஆற்றிக் கொடுக்க வேண்டும். இடி இடித்தால் காதைப் பொத்த வேண்டும். மற்றதை அந்தப் பெண் வந்தால் நேரில் சொல்கிறேன். கிறிஸ்மஸுக்கு மட்டும் கொண்டுவந்து காட்டுங்கள். அடுத்த வருஷம் நட்சத்திரம் கட்டுகிறேன் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். பஸ் திரும்பும்போதே தெரிகிற மாதிரி உயரமாகக் கட்டுவேன்.

ஒன்று கேட்க வெட்கப்படுகிறேன். உங்கள் அக்கா அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார்கள். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ராத்திரி செபமாலையில் உங்களையும் புஷ்பத்தையும் ராயம்மாள் ஆத்துமாவையும் பெயர் சொல்லித்தான் ஒப்புக்கொடுக்கிறேன். அந்தப் பெண்ணை மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். பெயரை எழுதி அனுப்புங்கள்.

மாதா உங்கள் இருவரையும் கைவிடாமல் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
புஷ்பத்தின் ஆயா
மிக்கேலம்மாள்